டெல்டாவில் இலவச வைஃபை: ரயிலடிக்குப் போவதா, நூலகத்தில் உட்காருவதா, 19 ரூபாயோடு முடிப்பதா?

2024 ஜூலையில் தனியார் செல்போன் நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை ஏற்றின. அதன் பிறகு "இங்க பக்கத்துல எங்கயாவது ஃப்ரீ வைஃபை கிடைக்குமா?" என்ற கேள்வி கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கமெல்லாம் சகஜமாகிவிட்டது. ஜியோவில் 239 ரூபாயாக இருந்த 28 நாள் பேக் 299 ஆனது. தினம் ஒன்றரை ஜிபி. அது தீர்ந்தால் போட்டுக்கொள்ளும் ஒரு ஜிபி பூஸ்டர் 15 ரூபாயிலிருந்து 19 ஆனது. மூன்று போன் உள்ள வீட்டில் அடிப்படை ரீசார்ஜே 897 ரூபாய். அதன் மேல் ராத்திரி எட்டு மணிக்கு, "டேட்டா முடிஞ்சு போச்சு, ஒரு பூஸ்டர் போட்டு விடுங்கப்பா" என்று ஒரு குரல்.

இலவச வைஃபை டெல்டாவில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எல்லா வேலைக்கும் ஒரே இடம் சரிப்படாது. நெல் கொள்முதலுக்குப் பதிய சிட்டா, அடங்கலை ஏற்ற வேண்டியவருக்கு ஒன்று சரி. குரூப் 4-க்குப் படிக்கிற பெண்ணுக்கு வேறொன்று சரி. பொங்கலுக்கு ஊருக்கு வந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மீட்டிங்கில் உட்கார வேண்டிய பெங்களூர் பையனுக்கு இரண்டுமே சரிப்படாது.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஓர் அளவுகோல் வேண்டும். அந்த 19 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். இலவசம் என்று தேடிப் போகிற எதுவும் போக்குவரத்தையும் நேரத்தையும் சேர்த்து அதைவிட மலிவாக முடிய வேண்டும். வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கும்பகோணத்துக்குப் பஸ் ஏறி, இலவச வைஃபையில் ஒரு ஜிபி இறக்கிக்கொண்டு திரும்பினால், போய்வரும் டிக்கெட்டே பெரும்பாலும் 19-ஐத் தாண்டிவிடும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு நஷ்டமாக முடிகிற பயணம் தங்கைக்கு லாபமாக முடியும். வேறு காரியத்துக்காக எப்படியும் டவுனுக்கு வருகிறவர் என்றாலும் இந்தக் கணக்கு மாறிவிடும். ஆகவே முதலில் 'எங்கே கிடைக்கும்' என்று தேடாமல், 'நான் எப்படியும் போகிற இடத்தில் என்ன கிடைக்கும்' என்று பாருங்கள்.

ரயிலடி

டெல்டாவில் கண்ணை மூடிக்கொண்டு 'இருக்கும்' என்று சொல்லக்கூடிய பொது வைஃபை ரயில் நிலையத்தில் இருப்பதுதான். ரயில்வேயின் துணை நிறுவனமான ரயில்டெல் இதை நடத்துகிறது. பெயர் ரயில்வயர். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுளோடு சேர்ந்து தொடங்கினார்கள். 2020-ல் கூகுள் விலகிக்கொண்டது, ரயில்டெல் தனியாகத் தொடர்ந்தது. இன்று நாடு முழுக்க 6,000-க்கும் அதிகமான நிலையங்களில் இருக்கிறது. ஹால்ட் நிலையங்களைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று மெயின் லைனிலும், திருவாரூரிலும் இருப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது இதுதான். தண்டவாளத்தை ஒட்டி ரயில்டெல்லின் சொந்தக் கண்ணாடி இழைக் கேபிள் ஓடுகிறது. ஊர் டவரை நம்பி இது இல்லை.

போனில் வைஃபையைத் திறந்தால் ரயில்வயர் என்ற பெயர் பூட்டுக் குறி இல்லாமல் நிற்கும். தொட்டதும் இணைந்துவிடும், ஆனால் நெட் வராது. ஒரு பக்கம் திறந்து 10 இலக்க செல்போன் எண்ணைக் கேட்கும். எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும், அதைப் போட்டதும் கதவு திறக்கும். பல பேர் அந்தப் பக்கம் திறக்காமலே 'இது வேலைக்காகாது' என்று எழுந்து போய்விடுகிறார்கள். அப்படி நின்றால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். மொபைல் டேட்டாவை ஒரு நிமிஷம் அணையுங்கள். ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வருவது, அதற்கு டேட்டா தேவையில்லை. வி.பி.என். (நெட்டை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் செயலி) ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற இடத்தில் விளம்பரத் தடைக்காக ஏதாவது முகவரி போட்டு வைத்திருந்தால், அதைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். விளம்பரத்தைத் தடுக்க யூடியூப் பார்த்து இதை மாற்றி வைத்த பிள்ளைகளின் போன்களில் பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான் வில்லன்.

இனி கணக்கு. தினமும் முதல் 30 நிமிடம் இலவசம், வேகம் நொடிக்கு ஒரு மெகாபிட். எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு மெகாபைட். 30 நிமிடம் என்பது 1,800 நொடி. அதாவது, ஒரு நொடிகூட வீணாகாமல் இழுத்தாலும் மொத்தம் 225 எம்பி. ஹால் டிக்கெட், பழைய வினாத்தாள், விண்ணப்பம், நாலைந்து வாட்ஸ்அப் பிடிஎஃப் என்றால் தாராளம். அரை மணி நேர வீடியோ வகுப்பு ஒன்றைச் சுமாரான தரத்தில் இறக்கலாம். போன் அப்டேட்டையோ முழுப் படத்தையோ நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

ரயில்டெல்லின் உண்மையான லாபம் இலவசத்துக்கு அடுத்த படியில் இருக்கிறது. 2021 மார்ச்சில் அறிவித்த கட்டணப்படி 10 ரூபாய்க்கு ஒரு நாளைக்கு 5 ஜிபி, வேகம் நொடிக்கு 34 மெகாபிட் வரை. மேல்முனையில் 75 ரூபாய்க்கு 30 நாளில் 60 ஜிபி. இரண்டுக்கும் ஜிஎஸ்டி தனி. உள்ளே நுழையும்போது திரையில் காட்டும் இன்றைய விலையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். முழு வேகம் கிடைத்தால் அந்த 5 ஜிபி சுமார் 20 நிமிடத்தில் இறங்கிவிடும். செல்போன் பூஸ்டரில் அதே 5 ஜிபிக்கு ஒவ்வொன்றாக ஐந்து போட்டால் 95 ரூபாய். இந்த வித்தியாசம் தெரியாமல் முப்பது நிமிட இலவசத்துக்கு மட்டும் நாள்தோறும் ஸ்டேஷனுக்கு நடக்கிறவர்களை நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

ஆனால் யாரும் சொல்லாத ஒரு செலவு இதில் ஒளிந்திருக்கிறது. வண்டி ஏறாதவர் பிளாட்பாரத்தில் இருக்க 10 ரூபாய் பிளாட்பார டிக்கெட் வேண்டும், அதுவும் இரண்டு மணி நேரத்துக்குத்தான். அதைச் சேர்த்தால் 'இலவச' 225 எம்பிக்கு 10 ரூபாய் கொடுக்கிறீர்கள். செல்போன் பூஸ்டரே மேல். கட்டணப் பேக்கோடு சேர்த்தால் 20 சொச்சத்துக்கு 5 ஜிபி, அது நல்ல பேரம். டிக்கெட் கவுண்டர் இருக்கும் முன்கூடத்தில் சிக்னல் எட்டினால் பிளாட்பார டிக்கெட் தேவையே இல்லை. எங்கே உட்காருவது என்பதும் முக்கியம். தூணிலோ கூரையடியிலோ மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டியைத் தேடுங்கள். அதிலிருந்து பிளாட்பாரக் கடைசிக்குப் போய்விட்டால் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். வண்டி வரும் நேரத்தில் நூறு பேர் அந்த ஒரே வெள்ளைப் பெட்டியில் தொங்குவார்கள், வேகம் படுத்துவிடும். இரண்டு வண்டிக்கு இடைப்பட்ட நேரத்தில் போங்கள்.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கோ, மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணத்துக்கோ சீசன் டிக்கெட்டில் தினம் போய்வருகிறவர்களுக்கு இதைவிட மலிவான நெட் டெல்டாவில் வேறு இல்லை. பிளாட்பார டிக்கெட் வேண்டாம், பஸ் செலவு வேண்டாம், 75 ரூபாய்ப் பேக் ஒன்று போட்டுக்கொண்டு காலையிலும் மாலையிலும் காத்திருக்கும் நேரத்தில் இறக்கிக்கொண்டால் போதும். வண்டி புறப்பட்டதும் அது விட்டுப்போகும். ஓடும் ரயிலில் இந்த வைஃபை கிடையாது. சோழன் எக்ஸ்பிரஸ் சின்ன ஸ்டேஷனில் நிற்கும் நேரத்தில் ஓடிபி வந்து சேருவதற்குள் கொடி காட்டிவிடுவார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒன்று. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். அவர்கள் ஊருக்கு வரும்போது கையில் அந்த நாட்டு சிம்தான் இருக்கும். ஸ்டேஷன் வைஃபை இந்திய எண்ணைத்தான் கேட்கும். மாமா வந்து நிற்கும்போது அத்தை போனின் எண்ணைப் போட்டு ஓடிபி வாங்குவதுதான் வழக்கமாக நடக்கிறது. அது அத்தை பெயரில் பதிவாகிறது என்பதை மட்டும் இரண்டு பேரும் தெரிந்துகொண்டு செய்யட்டும்.

பஸ் ஸ்டாண்ட்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2017-ல் தமிழக அரசு 'அம்மா வைஃபை மண்டலம்' என்று ஐந்து இடங்களில் தொடங்கியது. அதில் டெல்டாவின் வாசலான திருச்சி மத்தியப் பேருந்து நிலையமும் ஒன்று. டெல்டாவின் உள்ளே இருக்கும் ஊர் எதுவும் அந்த ஐந்தில் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஏதாவது திறந்த நெட்வொர்க் தெரிந்தால் அதை நம்பி ஒரு வேலையைத் திட்டமிடாதீர்கள். போனில் தெரியும் பெயர் யாருடையது என்று கேட்டால் அங்கே பதில் சொல்ல ஆள் இருக்காது. ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் இடையே என் ஓட்டு எப்போதும் ஸ்டேஷனுக்குத்தான்.

நூலகமும் அறிவுசார் மையமும்

இறக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஸ்டேஷன். உட்கார்ந்து படிப்பதற்கு அது லாயக்கில்லை. அறிவிப்புச் சத்தம், கொசு, சார்ஜர் பாயின்ட்டுக்குப் போட்டி. நாள் முழுக்க இணையமும் மேஜையும் மின்விசிறியும் வேண்டுமென்றால் நூலகம்தான்.

முதலில் ஒரு எச்சரிக்கை, பாதி விளையாட்டாக. தஞ்சாவூர் என்றதும் சரஸ்வதி மகாலுக்குப் போய் வைஃபை கேட்டு நிற்காதீர்கள். அது ஓலைச்சுவடிகளுக்குப் பேர் போன இடம். நீங்கள் போக வேண்டியது மாவட்ட மைய நூலகம், அல்லது உங்கள் ஊர் கிளை நூலகம். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தெரியாமல் வெள்ளியன்று பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு 'மூடிட்டாங்க போல' என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு.

சமீப ஆண்டுகளில் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் 'நூலகம் மற்றும் அறிவுசார் மையம்' என்ற பெயரில் கட்டடங்கள் கட்டித் திறந்திருக்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களை மனதில் வைத்துக் கட்டியவை. படிக்கும் கூடம், கணினிகள், இணைய வசதி என்று அமைப்பு. பல ஊர்களில் ஊரின் மற்ற பொது இடங்களைவிட இவை புதிது, சுத்தமானவை. உங்கள் ஊரில் இருக்கிறதா என்று நகராட்சி அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இரண்டு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நெட் அவர்கள் கணினியில் மட்டும் வருமா, என் போனுக்கும் லேப்டாப்புக்கும் கிடைக்குமா? இதற்குள் எல்லாம் அடங்கிவிடும். 'இணைய வசதி உண்டு' என்ற பலகைக்கு முதல் அர்த்தமும் இருக்கலாம், இரண்டாவதும் இருக்கலாம். நூலகரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "சார், என்னோட லேப்டாப்ல கனெக்ட் பண்ணிக்கலாமா? உறுப்பினர் அட்டை இருக்கணுமா?" நூலக உறுப்பினர் சந்தா மிகக் குறைவு. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறவருக்குக் கிடைக்கும் மரியாதை வேறு.

இணையம் அவர்கள் கணினியில் மட்டும்தான் என்றாலும் அதைத் தள்ளிவிட வேண்டாம். நீளமான விண்ணப்பத்தைப் போன் திரையில் நிரப்புவதைவிட விசைப்பலகையும் பெரிய திரையும் உள்ள கணினியில் நிரப்புவது எவ்வளவோ மேல். ஆனால் எழுந்து வரும்போது மெயிலிலிருந்து வெளியேறிவிட்டு, இறக்கிய ஆதார் நகலை டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தும் குப்பைக் கூடையிலிருந்தும் அழித்துவிட்டு வாருங்கள். பொதுக் கணினியில் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் பாதி ஊரின் ஜாதிச் சான்றிதழ் அங்கே கிடக்கும்.

கல்லூரி மாணவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பலருக்கு இது தெரியாது. 'எடுரோம்' என்று உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் வைஃபை வலை. இந்தியாவில் கல்வி நிறுவனங்களுக்கு இணையம் தரும் மத்திய அரசு அமைப்பான எர்நெட் அதை ஒருங்கிணைக்கிறது. உங்கள் கல்வி நிறுவனம் அதில் சேர்ந்திருந்தால், உங்கள் கல்லூரிக் கணக்கை வைத்தே, சேர்ந்திருக்கும் வேறு எந்த வளாகத்திலும் நெட் கிடைக்கும். சென்னையிலோ வெளிமாநிலத்திலோ படித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருக்கும் பிள்ளைகள், திருவாரூர் நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகமோ தஞ்சாவூர், திருச்சி பக்கத்துப் பெரிய கல்லூரிகளோ இதில் இருக்கின்றனவா என்று தங்கள் கல்லூரி கணினி மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வரலாம்.

டீக்கடை வைஃபை

காகிதத்தில் பார்த்தால் டெல்டாவுக்கென்றே வடிவமைத்த திட்டம் போலிருக்கும். பிஎம்-வாணி. 2020 டிசம்பர் 9-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. டீக்கடைக்காரரோ மளிகைக்கடைக்காரரோ ஒரு பிராட்பேண்ட் இணைப்பும் ஒரு ரவுட்டரும் வைத்து ஊருக்கு வைஃபை விற்கலாம். உரிமம் தேவையில்லை, உரிமக் கட்டணமும் கிடையாது. கடைக்காரருக்குப் பின்னால் கணக்கு வழக்கைப் பார்க்க ஒரு தொகுப்பு நிறுவனம், வாடிக்கையாளருக்கு ஒரு செயலி, எல்லாவற்றையும் பதிந்து வைக்க மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் நடத்தும் மையப் பதிவேடு. செயலியில் ஒரு தடவை பதிந்துகொண்டால், வரைபடத்தில் பக்கத்துக் கடையைப் பார்த்துப் போய்ச் சேரலாம். இது சில்லறை வியாபாரம், இலவசம் இல்லை. கடைக்காரர் விருப்பப்பட்டால் இலவசமாகக் கொடுக்கலாம்.

டெல்டாக் கடைத்தெருவில் இது ஏன் பெரிதாகக் கண்ணில் படவில்லை? டீக்கடைக்காரர் மேல் தப்பில்லை. வீட்டு இணைப்பை வைத்து விற்க பிராட்பேண்ட் நிறுவனங்கள் பல விடவில்லை, விலை அதிகமான வணிக இணைப்பை எடுக்கச் சொன்னார்கள். பத்து ரூபாய்க்கு ஒரு ஜிபி விற்கிறவர் அந்த வாடகையைக் கட்டி எப்போது லாபம் பார்ப்பது? 2025 ஜூனில்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதில் ஒரு வரம்பு போட்டது: இப்படிப்பட்ட கடைக்கு நொடிக்கு 200 மெகாபிட் வரையிலான கண்ணாடி இழை இணைப்பைக் கொடுக்கும்போது, அதே வேக வீட்டு இணைப்பின் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. இனிமேல் கடைகள் கூடலாம். ஆகவே செயலியை ஒரு தடவை போட்டு உங்கள் தெருவை வரைபடத்தில் பாருங்கள். நடந்து போகும் தூரத்தில் ஒரு கடை தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் செயலியை நீக்கிவிட்டு வேலையைப் பாருங்கள்.

சொந்தமாகக் கடை வைத்திருப்பவர் இதைப் படித்தால், உங்கள் கணக்கு வேறு. பஸ் நிற்கும் இடத்திலோ கல்லூரி வாசலிலோ கடை இருந்து, ஏற்கனவே ஃபைபர் இணைப்பும் இருந்தால் யோசிக்கலாம். பாஸ்வேர்டை அட்டையில் எழுதி மாட்டி வைத்து எல்லோருக்கும் சும்மா கொடுப்பதைவிட இது உங்களுக்கே பாதுகாப்பு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பு சமயத்தில், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டாத வைஃபையிலிருந்து மிரட்டல் மின்னஞ்சல் போனது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை பயன்படுத்துகிறவரின் அடையாளம் பதிவாக வேண்டும் என்று உத்தரவிட்டது. இன்று ஸ்டேஷன் தொடங்கி விமான நிலையம் வரை ஓடிபி கேட்பதற்கு அதுதான் காரணம். உங்கள் இணைப்பில் யாரோ செய்த காரியத்துக்கு முதலில் உங்கள் கடை வாசலில்தான் போலீஸ் நிற்கும்.

லாட்ஜ், ஓட்டல், ஆஸ்பத்திரி

சாப்பிடுகிறவருக்கும் தங்குகிறவருக்கும் நோயாளிக்கும் கொடுப்பது. அதை 'பொது' என்று சொல்ல முடியாது. கும்பகோணத்தில் டிகிரி காபி குடித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து மூன்று மணி நேரம் உட்காரும் பழக்கத்தை நம் ஊர்க் கடைகள் இன்னும் ஏற்கவில்லை. பின்னால் ஆள் நிற்பார். லாட்ஜில் அறை எடுக்கும்போது "வைஃபை இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு சார்" என்றுதான் வரும். "ரெண்டாவது மாடி ரூமுக்கு எடுக்குமா?" என்று கேளுங்கள், உண்மை வெளியே வந்துவிடும்: "வராண்டாவுல நின்னா நல்லா எடுக்கும் சார்."

செயலிகளில் தேடுவது

'பக்கத்தில் உள்ள வைஃபை' என்று தேடினால் வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டி, பாஸ்வேர்டையும் கையில் கொடுக்கும் செயலிகள் நிறைய. சிங்கப்பூரில் இறங்கும்போது உதவலாம். திருத்துறைப்பூண்டியில் எனக்கு இவற்றின் மேல் நம்பிக்கை இல்லை. அந்தப் புள்ளிகளைப் போடுவது செயலியைப் பயன்படுத்துகிறவர்கள்தான். ஆள் குறைவான ஊரில் புள்ளியும் குறைவு, இருப்பதும் பழசு. அதைவிடப் பெரிய சங்கடம், அதில் பல 'பொது' வைஃபையே இல்லை. விருந்துக்கு வந்த யாரோ ஒருவர், வீட்டுக்காரர் நம்பிக் கொடுத்த பாஸ்வேர்டை ஏற்றிவிட்டுப் போனது. 2019 ஏப்ரலில் இப்படி ஓர் ஆண்ட்ராய்டு செயலியின் தரவுத்தளம் பூட்டில்லாமல் கிடந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வைஃபை பாஸ்வேர்டுகள், வீட்டு வைஃபைகளும் சேர்த்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியே வந்தன. இப்படிப்பட்ட செயலியை நிறுவினால், உங்கள் வீட்டு ரவுட்டரின் பாஸ்வேர்டைப் பகிர அனுமதி கேட்கிறதா என்று பார்த்து, மறுத்துவிடுங்கள். இன்னும் நல்லது, நிறுவாமலே இருப்பது.

எந்த வேலைக்கு எது

பணம் போகிற, வருகிற வேலை எதையும் பொது வைஃபையில் செய்யாதீர்கள். யுபிஐ, வங்கிச் செயலி, தேர்வுக் கட்டணம், வருமான வரி எல்லாம் சொந்த சிம் டேட்டாவில். இன்று பெரும்பாலான தளங்களும் செயலிகளும் அனுப்புவதை மறையாக்கித்தான் அனுப்புகின்றன. நடுவில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் படிப்பது பழைய காலம் போல் சுலபமில்லை. ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ஸ்டேஷன் நெட்வொர்க்கின் பெயரிலேயே தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, போலி நுழைவுப் பக்கத்தைக் காட்ட யாராலும் முடியும். உண்மையான நுழைவுப் பக்கம் செல்போன் எண்ணையும் ஓடிபியையும் கேட்கும். ஏடிஎம் பின்னையோ ஆதார் எண்ணையோ மெயில் பாஸ்வேர்டையோ கேட்டால் அது வைஃபை இல்லை, வலை. வீடு திரும்பியதும் அந்த நெட்வொர்க்கில் 'தானாக இணை' என்பதை அணைத்துவிடுங்கள்.

கொள்முதல் நிலையப் பதிவு, பயிர்க் காப்பீடு மாதிரியான வேலைக்கு ஏற்ற வேண்டியது சில எம்பிதான். அதற்கு வைஃபை தேடி அலைவது வீண். ஒன்றரை ஜிபி தினக் கோட்டாவில் அது ஒரு துளி. ஸ்கேன் சரியாக எடுக்கத் தெரியவில்லை, படிவம் புரியவில்லை என்றால் இ-சேவை மையத்துக்குப் போங்கள். அங்கே காசு கொடுப்பது நெட்டுக்கில்லை, தெரிந்த கைக்கு.

தேர்வுக்குப் படிப்பவர் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். வாரம் ஒரு நாள் ஸ்டேஷனில் 10 ரூபாய்ப் பேக் போட்டு வீடியோக்களை இறக்கி வைத்துக்கொண்டு, மற்ற நாள் நூலகத்தில் நெட் இல்லாமலேகூடப் படிக்கலாம். போன் கையில் இருந்தும் நெட் இல்லாத மூன்று மணி நேரம் படிப்புக்கு எவ்வளவு நல்லது என்று பிள்ளைகளிடம் சொன்னால் முறைப்பார்கள்.

லேப்டாப்பும் மீட்டிங்கும் உள்ளவருக்கு இலவசம் எதுவுமே ஒத்துவராது. ஸ்டேஷனில் சத்தம், நூலகத்தில் பேசக்கூடாது. வீட்டில் இரண்டு நாளைக்கு ஹாட்ஸ்பாட். 5ஜி எட்டுகிற தெருவில், தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேலுள்ள ஜியோ, ஏர்டெல் பேக் இருந்தால் 5ஜியில் டேட்டா வரம்பு கிடையாது. 2024 ஜூலை உயர்வோடு அந்தச் சலுகை அதற்குக் கீழான பேக்குகளுக்குப் போய்விட்டது. ஆகவே ஜியோவில் 299 பேக்கிலிருந்து 349 பேக்குக்கு ஏறுவது, வாரம் ஒரு பூஸ்டர் போடுகிறவருக்கு லாபம். அம்மா அப்பா இருவரும் தினமும் பூஸ்டர் கேட்கிற வீடாக இருந்தால், 399 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்டி ஃபைபர் போட்டுவிட்டு இந்தத் தேடலையே விட்டுவிடலாம்.

புயல் நாளில்

டெல்டாவில் இந்த ஒப்பீட்டை ஐப்பசி, கார்த்திகையைச் சேர்க்காமல் முடிக்க முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. டவர்களும் படுத்தன. அந்த மாதிரி நாளில், தனிக் கேபிளும் ஜெனரேட்டரும் உள்ள ரயில் நிலையம்தான் முதலில் உயிர் பெறும் என்று நினைக்கத் தோன்றும். நினைப்பதில் தப்பில்லை, ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. ஸ்டேஷன் வைஃபையில் நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி வர செல்போன் சிக்னல் வேண்டும். உங்கள் நிறுவனத்தின் டவர் விழுந்துவிட்டால், வெள்ளைப் பெட்டி பச்சை விளக்கோடு சிரித்தாலும் கதவு திறக்காது.

அதனால் புயல் எச்சரிக்கை வரும்போது வைஃபை எங்கே என்று தேடுவதற்கு முன், வீட்டில் உள்ள இரண்டு போன்களில் வேறு வேறு நிறுவன சிம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று பிஎஸ்என்எல் ஆக இருக்கட்டும், இப்போது அதிலும் 4ஜி வந்துவிட்டது. ரேஷன் அட்டை, பட்டா, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், காப்பீட்டு ரசீது ஆகியவற்றின் நகலை டிஜிலாக்கரிலோ மெயிலிலோ மட்டும் விடாமல் போனிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நிவாரணக் கணக்கெடுப்புக்கு ஆள் வரும் நாளில் நெட் இருக்காது. வரைபடச் செயலியில் உங்கள் மாவட்டத்தை ஆஃப்லைனில் சேமித்துவிடுங்கள், வைஃபையில் செய்தால் டேட்டா போகாது. பவர் பேங்கை முந்தின நாளே நிரப்பி வையுங்கள். இந்த இறக்கும் வேலைக்குத்தான் அந்த 10 ரூபாய்ப் பேக், அதுவும் புரட்டாசியிலேயே.